மெய்க்கு அரை மாத்திரை

வின்னிபெக்கில் இன்று மைனஸ் இருபத்தேழு.
ஆஸ்பத்திரியின் நாலாம் மாடியில்
ஜன்னலில்லாத அறை எனக்கு.
நீலத் தட்டில் மாத்திரைகளைக் கொட்டி
சின்னக் கரண்டியால் ஐந்தைந்தாகத் தள்ளுகிறேன்.
இதற்குத்தான் சம்பளம்.

தளர்ந்த இதயங்களுக்கான ஆய்வு.
பாதிப் பேருக்கு மருந்து
பாதிப் பேருக்கு மாவு.
எவருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது
டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
டொராண்டோவில் ஒரு கணினிக்குத் தெரியும்.
அது வாய் திறக்காது.

பெயர் எழுதக் கூடாது.
எனக்கு அவர் 03-117.
ட்ரான்ஸ்கோனா ரயில் பட்டறையில்
முப்பத்தெட்டு வருஷம் வெல்டிங்.
கறுத்த கட்டைவிரல் நகம்.
நூறு பங்கு ரத்தம் நிறைந்தால்
இருபத்தொன்பதை மட்டும் வெளியே தள்ளும் இதயம்.

தொண்ணூறு கொடுத்தனுப்பினால்
எண்பத்து நாலு நாள் கழித்து ஆறு திரும்ப வேண்டும்.
ஏழு முறை வந்தார்.
ஏழு முறையும் ஆறு.
மற்றவர்கள் மறப்பார்கள், தொலைப்பார்கள்,
பாதிப் புட்டியைக் கழிவறையில் கொட்டிவிட்டு
கூசாமல் சிரிப்பார்கள்.
இவர் மட்டும் ஆறு.
புட்டியின் அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள் இருக்கும்.
ரீஜன்ட் அவென்யூ பஸ்ஸின் குலுக்கல் என்றே நினைத்தேன்.

எட்டாம் முறை தட்டில் விழுந்தது
ஆறு முழுசு.
முப்பத்தொரு பாதி.

பிளேடால் வெட்டியவை.
வெல்டருக்கே வரும் நேர்க்கோடு.

"ஓலெனாவுக்கும் இதே இதயம்தான்" என்றார்.
"நீங்கள் அவளைச் சேர்க்கவில்லை.
முதல் நாளிலிருந்தே ஆளுக்குப் பாதி.
மருந்தென்றால் இருவருக்கும் மருந்து
மாவென்றால் இருவருக்கும் மாவு."
கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார்.
"போன மாதம் பதினொன்றாம் தேதியிலிருந்து
அவள் பாதி மிச்சம்."

வெட்டுவதை ஏன் நிறுத்தவில்லை என்று
நான் கேட்கவில்லை.

03-118.
வரிசையில் அவருக்கு அடுத்த எண்.
சிறுநீரகக் கணக்கு முப்பது இருக்க வேண்டிய இடத்தில்
இருபத்தெட்டு.
குறுக்கே கோடு போட்டது என் பேனா.
அந்தக் கோடு அவளைத் தடுக்க அல்ல, காக்க.
இந்த மருந்து சில சிறுநீரகங்களைக் கெடுக்கலாம்.
அதைச் சொல்ல வாயெடுத்தேன்.
அவர் கண்ணைப் பார்த்து
பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

ஆய்வில் ஓலெனா இல்லை.
ஆகவே அவள் மரணம் எங்கள் கணக்கில் ஒரு நிகழ்வு அல்ல.
முத்திரையை உடைத்துப் பார்க்கவும் வழியில்லை.
அவசரம் என்று எழுத அவசரம் எதுவும் மிச்சமில்லை.
ஒன்பது வருஷமாக
ஒவ்வொரு புட்டிக்குள்ளும் மெய்யான மருந்து இருக்கட்டும் என்று
விதிக்குத் தெரியாமல் வேண்டி வந்தவள் நான்.
இன்று முதல் முறையாக
பொய்யாக இரு, பொய்யாக இரு என்கிறேன்
அந்தப் பாதிகளிடம்.

மெய்யெழுத்துக்கு மாத்திரை அரை.
ஏழாம் வகுப்பில் ஒப்பித்தது.
கண் இமைக்கும் நேரத்தில் பாதி.
உயிர் வந்து ஏறாமல் மெய் நகராது என்றும் சொன்னார்கள்.
பரீட்சைக்குப் போதுமானதாக இருந்தது அது.

அடுத்த புட்டியைக் கேட்டார்.
விதிப்படி கொடுக்கலாம்.
குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தாரோ
கடைசிவரை அந்தப் பக்கத்து ஆள்தான்.
எதை விழுங்கினார் என்பதல்ல
எதை விழுங்குவார் என்று எண்ணினோம் என்பதே கணக்கு.
தொண்ணூறு எண்ணிக் கொடுத்தேன்.
காதுத் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு
லிஃப்டுக்குப் போனார்.

டாக்டரிடம் இன்று சொல்லியாக வேண்டும்.
விதிமீறல் படிவத்தில் காரணம் எழுத
விரல் அகலக் கட்டம் ஒன்று.
அதை அப்புறம் பார்க்கலாம்.

திரும்பிய மாத்திரைகள்: இருபத்தொன்றரை.
முழு எண் மட்டும், என்று
சிவப்பில் மறுக்கிறது கணினி.

இருபத்தொன்றரை.
மறுபடி அடிக்கிறேன்.